ஃபிலிமில் எடுத்து டேப்பில் முடித்த கதை

1960களில் வந்த அமெரிக்கத் தொடர் ப்ளூ-ரே என்ற உயர்தர டிஸ்க்கில் நேற்று எடுத்த மாதிரி பளிச்சென்று இருக்கிறது, 1990களில் வந்த தொடரோ டிவிடியோடு நின்றுவிட்டது, நம் ஊர் சீரியல் ஒன்றுகூட ப்ளூ-ரேயில் கண்ணில் படவில்லை, கம்பெனிக்காரர்களுக்கு அக்கறையே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்காகப் பழைய தொடர்களைத் தேடித் தேடி வாங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: நல்ல படம் எங்கோ ஓர் அலமாரியில் பத்திரமாக இருந்தும் தராமல் வைத்திருக்கிறார்களா, இல்லை, அப்படி ஒரு படமே எங்கும் கிடையாதா? சில தொடர்களுக்கு முதலாவது உண்மை. பலவற்றுக்கு இரண்டாவது. நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவை சில இருக்கின்றன, கதையே அவற்றில்தான்.

என்னைப் பற்றி ஒரு வரி. 1990களின் நடுவில் வடபழனியில் ஒரு ஸ்டுடியோவில் டேப் ஆபரேட்டராகச் சேர்ந்தவன். அப்புறம் டெலிசினி (ஃபிலிமை டேப்புக்கு மாற்றும் மெஷின்), ஆன்லைன் எடிட் (இணையம் இல்லை, ஒளிபரப்புக்கான இறுதி எடிட்), கடைசிப் பத்து வருடங்களாகப் பழைய டேப்புகளை டிஜிட்டலுக்கு மாற்றும் வேலை. ஆகையால் படம் சம்பந்தப்பட்டதை உறுதியாகச் சொல்வேன். ஒப்பந்தம், உரிமை, வியாபாரம் பற்றியெல்லாம் நான் சொல்வது டீக்கடையில் தயாரிப்பாளர்களும் மேனேஜர்களும் பேசக் கேட்டது. அந்த இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் உறுதியான விஷயம். நம் ஊரில் பல காலம் ஓடிய பால் முறை டிவியில் கண்ணுக்குத் தெரியும் வரிகள் 576. அமெரிக்காவில் 480. எச்டி என்றால் 1080. டிஜிட்டல் கணக்கில் பழைய படம் ஒன்றில் சுமார் நான்கு லட்சம் புள்ளிகள், எச்டியில் இருபது லட்சத்துக்கு மேல், அதாவது ஐந்து மடங்கு. வீடியோ டேப்பில் பதிவு செய்த அந்த நிமிடமே துல்லியம் முடிவாகிவிடும். கேமராவுக்கு முன்னால் என்ன இருந்திருந்தாலும் சரி, டேப்பில் 576 வரிதான் ஏறியது. மிச்சத்தை எந்த மெஷினாலும் பிற்பாடு கொண்டுவர முடியாது. ஃபிலிம் அப்படியில்லை. அதில் வரி என்ற கணக்கே கிடையாது. வெள்ளித் துகளும் சாயமும் ஒளியைப் பிடித்து வைத்திருக்கின்றன. நல்ல 35 மிமீ நெகட்டிவ் கையில் இருந்தால் இன்றைக்கு 4கே-யில் (எச்டியைப் போல நான்கு மடங்கு புள்ளிகள்) ஸ்கேன் செய்யலாம், 16 மிமீ என்றால் 2கே (ஏறக்குறைய எச்டி அளவு) வரை தாராளமாகப் போகலாம். எடுத்த காலத்தில் அதை எந்த டப்பா டிவியில் பார்த்தார்கள் என்பது நெகட்டிவுக்குத் தெரியாது.

அதனால்தான் 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' ப்ளூ-ரேயில் வர முடிந்தது. அதை ஸ்டுடியோவில் பார்வையாளர்கள் முன்னால் மூன்று 35 மிமீ கேமராக்களை வைத்து எடுத்தார்கள். இதைவிட நல்ல உதாரணம் 'தி ட்விலைட் ஸோன்'. 1959 முதல் 1964 வரை ஓடிய கருப்பு வெள்ளைத் தொடர், ப்ளூ-ரேயில் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். ஆனால் இரண்டாவது சீசனில் செலவைக் குறைக்க ஆறு எபிசோடுகளை மட்டும் ஃபிலிமை விட்டுவிட்டு வீடியோ டேப்பில் எடுத்தார்கள். அதே தொடர், அதே டிஸ்க் பெட்டி. அந்த ஆறும் வரும்போது மட்டும் யாரோ திரையில் எண்ணெயைத் தடவிவிட்ட மாதிரி இருக்கும். அப்பாவிடம் இந்தத் தொடர் இருந்தால் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். நான் இங்கே எழுதும் பாதி விஷயம் அதிலேயே புரிந்துவிடும்.

இதுவரை சொன்னதை வைத்து, ஃபிலிமில் எடுத்தால் ப்ளூ-ரே வரும், டேப்பில் எடுத்தால் வராது என்று முடித்துவிடலாம் போலத் தோன்றும். நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் எதில் எடுத்தார்கள் என்பதைவிட எதில் முடித்தார்கள் என்பதுதான் முக்கியம். 1960களில் ஃபிலிமில் எடுத்தால் ஃபிலிமிலேயே வெட்டி, ஃபிலிமிலேயே ஒட்டி, கடைசியில் வெட்டிக் கோத்த நெகட்டிவ் ஒன்று கையில் இருக்கும். சினிமாவுக்கு கோடம்பாக்கத்தில் நெகட்டிவ் கட்டிங் செய்தார்களே, அதே வேலை. முழு எபிசோடும் வரிசையாக ரீலில் இருக்கிறது. தூசி தட்டி, ஸ்கேன் செய்து, நிறத்தைச் சரிபார்த்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. 1980களில் இது மாறிவிட்டது. எடுப்பது ஃபிலிமில்தான். ஆனால் நெகட்டிவைக் கழுவியதும் நேராக டெலிசினியில் ஏற்றி டேப்புக்கு மாற்றிவிடுவார்கள். அப்புறம் எடிட், டைட்டில், எஃபெக்ட்ஸ் எல்லாமே டேப்பில். நெகட்டிவில் கத்திரிக்கோல் படவே படாது. அது சுருட்டியபடியே டப்பாவுக்குள் போய், டப்பா கிடங்குக்குப் போய்விடும். முடிந்த எபிசோடு என்ற ஒன்று டேப்பில் மட்டும்தான் இருக்கும், அதுவும் 480 வரியில்.

நானே டெலிசினியில் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறேன். விளம்பரப் படங்கள் எல்லாம் அப்படித்தான் வரும். காலையில் லேபிலிருந்து 35 மிமீ ரஷ், அதாவது எடிட் செய்யாத ஃபிலிம், வரும். அருமையான படம், நடிகையின் புடவை ஜரிகையில் ஒவ்வொரு இழையும் தெரியும். அதைப் பீட்டாகேம் என்ற வீடியோ டேப்புக்கு இறக்குவேன், ஜரிகை வெறும் மஞ்சள் கோடாகிவிடும். கிளையண்ட் மானிட்டரில் பார்த்துவிட்டுச் சூப்பர் என்று சொல்லிவிட்டுப் போவார். நெகட்டிவ் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. இருபது வருடம் கழித்து ஐந்து மடங்கு பெரிய படம் வீட்டு ஹாலுக்குள் வரும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

இப்படி முடித்த தொடரை எச்டிக்குக் கொண்டுவருவது என்றால் எபிசோடை முதலிலிருந்து திரும்பச் செய்ய வேண்டும். விண்வெளிக் கதையான 'ஸ்டார் ட்ரெக்' இதற்குப் பாடப்புத்தகம். 1966இல் வந்த முதல் தொடருக்கு முடிந்த நெகட்டிவ் ஃபிலிமில் இருந்தது. 2006இல் புதுப்பித்தார்கள், 2009இல் ப்ளூ-ரே வந்தது, பழைய எஃபெக்ட்ஸ், புதிய எஃபெக்ட்ஸ் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். 1987இல் அதன் தொடர்ச்சியாகத் தொடங்கிய 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' 35 மிமீயில் எடுத்து டேப்பில் முடித்தது. ஏழு சீசன், 178 எபிசோடு. கிடங்கிலிருந்த நெகட்டிவ் டப்பாக்களை இறக்கி, பழைய எபிசோடைப் பக்கத்தில் ஓடவிட்டு, இந்த ஷாட் எந்த டப்பாவில் எத்தனையாவது டேக் என்று ஒவ்வொன்றாகத் தேடி, ஸ்கேன் செய்து, பழைய எடிட்டோடு ஃபிரேம் பிசகாமல் பொருத்தினார்கள். விண்கலம் வரும் ஷாட்டுகளுக்கு இன்னும் வேலை. அந்தக் காலத்தில் ஒரே மாடலை நாலைந்து முறை தனித்தனியாக எடுப்பார்கள்: உடம்புக்கு ஒரு தடவை, ஜன்னல் விளக்குக்கு ஒரு தடவை, என்ஜின் வெளிச்சத்துக்கு ஒரு தடவை, பின்னணியிலிருந்து கலத்தைப் பிரிக்கும் மறைப்புக்கு ஒரு தடவை. அந்தத் துண்டுகள் எல்லாம் ஃபிலிமில் பத்திரமாக இருந்ததால் திரும்பக் கோக்க முடிந்தது. அப்படியும் சில வினாடிகளுக்கு நெகட்டிவ் கிடைக்காமல் பழைய வீடியோவையே பெரிதாக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. 2012இலிருந்து 2014 வரை சீசன் சீசனாக டிஸ்க் வந்தது. ஒரு டெக்னீஷியனாக அதைப் பார்த்தால் எனக்குக் கண் கலங்கும், அவ்வளவு வேலை.

அதற்கு அடுத்து வந்த 'டீப் ஸ்பேஸ் நைன்', 'வாயேஜர்' இரண்டுக்கும் ப்ளூ-ரே வரவில்லை. நீங்கள் குறிப்பிட்ட 1990களின் தொடர் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இவையும் 35 மிமீதான், நெகட்டிவ் இருக்கிறது. 'டீப் ஸ்பேஸ் நைன்' பற்றி எடுத்த ஆவணப்படத்துக்காகச் சில காட்சிகளை எச்டியில் புதுப்பித்தும் காட்டினார்கள், பிரமாதமாக இருந்தது. அப்புறம் ஏன் முழுத் தொடரையும் செய்யவில்லை? இங்கே இரண்டு காரணம் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' டிஸ்க் விற்பனை போட்ட காசுக்கு ஈடாக வரவில்லை என்பது வெளிப்படையாகவே பேசப்பட்ட விஷயம். டிஸ்க் வாங்கும் கூட்டம் ஸ்ட்ரீமிங்குக்கு நகர்ந்த அதே வருடங்களில் அது வந்து சேர்ந்தது. இன்னொன்று, 1990களின் பின்பாதியில் விண்கலங்கள் மாடலிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டன. மாடலை ஃபிலிமில் எடுத்திருந்தால் ஃபிலிம் இருக்கும். கம்ப்யூட்டரில் செய்த ஷாட் 480 வரிக்கு என்றே ரெண்டர் செய்தது, அதாவது கம்ப்யூட்டர் அந்த அளவில்தான் படத்தை வரைந்து தந்தது. பெரிதாக வேண்டுமென்றால் பழைய ஃபைலைத் திறந்து திரும்ப ரெண்டர் செய்ய வேண்டும், ஃபைல் இல்லையென்றால் புதிதாகவே செய்ய வேண்டும். 'பாபிலோன் 5' என்ற இன்னொரு விண்வெளித் தொடர் இந்தக் குழியில்தான் விழுந்தது. நடிகர்கள் வரும் காட்சி ஃபிலிமில் இருந்ததால் புதிதாக ஸ்கேன் செய்தார்கள், விண்வெளிக் காட்சிகளுக்குப் பழைய வீடியோவைப் பெரிதாக்கினார்கள். 2023 கடைசியில் ப்ளூ-ரேயும் வந்தது. ஒரு ஷாட் கண்ணாடி மாதிரி, அடுத்த ஷாட் கொசுவலை மாதிரி. சிலர் அதைத் திட்டுகிறார்கள். கையில் இருப்பதை வைத்து அதற்கு மேல் செய்ய முடியாது என்பது என் கட்சி.

எஃபெக்ட்ஸ் தொல்லை குறைவாக உள்ள தொடர்களுக்கு வழி சுலபம். 'ஃபிரெண்ட்ஸ்' மாதிரி நாலு சுவருக்குள் சோபாவில் நடக்கும் காமெடிக்கு நெகட்டிவைத் தேடிக் கோத்தால் போதும், 2012இல் வந்துவிட்டது. வாங்க ஆள் நிச்சயம் இருந்தது என்பதும் காரணம். 'எக்ஸ்-ஃபைல்ஸ்' 2015இல் வந்தது, புதிய எபிசோடுகள் வரவிருந்த நேரம். ஆனால் இந்தச் சுலபமான வழியிலும் ஒரு பள்ளம் உண்டு. பழைய டிவி கிட்டத்தட்டச் சதுரம், புதிய டிவி அகலம். ஃபிலிமில் பக்கவாட்டில் கொஞ்சம் அதிகப் படம் இருக்கும், ஆனால் அது யாரும் பார்க்கப்போவதில்லை என்று விட்ட இடம், லைட் ஸ்டாண்டு நிற்கும், மைக் தொங்கும், ஆள் நிற்பான். 'பஃபி' தொடரை 2014இல் எச்டியில் அகலப்படுத்தி ஒளிபரப்பியபோது இதெல்லாம் அப்படியே தெரிந்தது, இரவுக்காட்சிக்குப் போட்டிருந்த நீல நிறம்கூட விட்டுப்போயிருந்தது. ரசிகர்கள் பொங்கிவிட்டார்கள். அந்தப் பதிப்பு டிஸ்க்காக வரவில்லை. ஆகவே பெட்டியில் படம் 4:3 என்று போட்டிருந்தால், இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வருகிறதே என்று முகம் சுளிக்காதீர்கள். பெரும்பாலும் அது நல்ல அறிகுறி.

பிரிட்டிஷ் தொடர்கள் தனி ரகம். வீட்டுக்குள் நடந்தால் ஸ்டுடியோ வீடியோ, தெருவில் நடந்தால் 16 மிமீ ஃபிலிம், ஒரே எபிசோடில் இரண்டும் கலந்து வரும். 'டாக்டர் ஹூ' பழைய எபிசோடுகள் ப்ளூ-ரேயில் வந்திருந்தாலும் பெரும்பகுதி பெரிதாக்கிய வீடியோதான். அதில் ஒரே ஒரு கதை, 1970இல் வந்த 'ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்', முழுவதும் 16 மிமீயில் எடுக்கப்பட்டது, அதனால் அது மட்டும் அசல் எச்டி. அந்தத் தொடரின் 1960களின் எபிசோடுகள் தொண்ணூறுக்கு மேல் இன்றைக்கும் படமாகக் கிடையாது. டேப் விலை அதிகம், அலமாரியில் இடமில்லை, மறு ஒளிபரப்புக்கும் வேலையில்லை என்று பிபிசியே அழித்து அதன்மேல் வேறு நிகழ்ச்சியைப் பதிந்தது.

டேப்பை அழித்து அதன்மேலேயே பதிவது என்று சொன்னதும் நம் ஊர் கதைக்கு வந்தாக வேண்டும். சென்னையில் தூர்தர்ஷன் 1975இல் வந்தது, சன் டிவி 1993இல். தனியார் சேனல் சீரியல்கள் பெருகிய வருடங்களில் நான் கையால் தொட்டவை பெரும்பாலும் பீட்டாகேம் எஸ்பி. நல்ல டேப்தான், அந்தக் காலத்துக்கு ராஜா. ஆனால் எடுத்ததும் டேப், முடித்ததும் டேப். ஃபிலிம் என்ற பேச்சே இல்லை. ஆகவே 1990களின், 2000களின் தமிழ் சீரியல்களுக்கு அசல் எச்டி வராது. யாரோ மறைத்து வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள், மறைக்க ஒன்றுமில்லை. திறமையோ கருவியோ இல்லாத குறையும் இல்லை. சாலிகிராமத்தில் இருக்கும் பிரசாத் உலகம் முழுவதிலிருந்தும் வரும் பழைய ஃபிலிம்களைக் கீறல் கீறலாகத் துடைத்துக் கொடுக்கிறது. ஸ்கானிட்டி என்ற பெயர்பெற்ற ஃபிலிம் ஸ்கேனரைச் செய்யும் ஜெர்மன் கம்பெனியையே வாங்கிவிட்டார்கள். ஃபிலிம் இருந்தால் இந்த ஊரிலேயே எல்லாம் நடக்கும். சீரியலுக்கு ஃபிலிம் இல்லை.

ஃபிலிம் இல்லாவிட்டாலும் அசல் டேப்பாவது இருக்கிறதா என்றால், அங்கேதான் எனக்கு வயிறு எரியும். எடிட் முடிந்ததும் ஷூட்டிங் டேப்பைத் திரும்ப ஷூட்டிங்குக்கே அனுப்பிவிடுவார்கள். ஒளிபரப்பு முடிந்து வந்த எபிசோடு டேப்பில் அடுத்த மாத எபிசோடு ஏறும். நானே ஏற்றியிருக்கிறேன், அதனால் யாரையும் குற்றம் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. தப்பித்த டேப்புகளைச் சென்னைக் காற்று பார்த்துக்கொண்டது. சில வருடங்களுக்கு முன் ஒரு தயாரிப்பாளர் நாற்பது டேப்பை அரிசிச் சாக்கில் கட்டி ஆட்டோவில் கொண்டுவந்தார். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆபீஸின் கீழ்த்தளம் முழுகியபோது முழங்கால் உயரத்துக்கு மேல் இருந்த தட்டில் இருந்தவை மட்டும் மிச்சமாம். ஒன்றை எடுத்து மூடியைத் தூக்கிப் பார்த்தேன், ரீல் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூஞ்சை, தேங்காய்ச் சில்லை மறந்து வைத்தால் வருமே அது மாதிரி. துடைத்து, காயவைத்து, டெக்கில் போட்டால் இரண்டு நிமிடம் படம் வரும், அப்புறம் திரை முழுக்கப் புள்ளி. டேப்பைப் படிக்கும் முனையான ஹெட்டில் அழுக்கு ஏறிவிட்டது. வெளியே எடுத்து ஹெட்டைத் துடைத்து, மறுபடி போட்டு, மறுபடி இரண்டு நிமிடம். இருபத்திரண்டு நிமிட எபிசோடு ஒன்றுக்கு அரை நாள் போனது. அந்த டெக்குக்கு இன்று புது ஹெட் கிடைக்காது, பழையதை உடைத்துத்தான் உதிரி எடுக்கிறோம். சோனி பீட்டாகேம் டேப் விற்பதையே 2016இல் நிறுத்திவிட்டது. நாற்பதில் இருபத்தொன்பதை மீட்டோம். பில்லைப் பார்த்துவிட்டு அவர், "யூடியூப்ல போட்டா இவ்வளவு வருமா தம்பி?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அவர் கேட்டதுதான் மிச்சக் கேள்விக்கும் பதில். 2011இல் சன் டிவிக்கு எச்டி சேனல் வந்தது. அதற்குப் பிந்தைய பல சீரியல்களுக்கு எச்டி மாஸ்டர், அதாவது மூலப் பதிவு, ஃபைலாகவே உண்டு. அவை டிஸ்க்கில் வராததற்குப் படம் காரணமில்லை, கணக்குதான் காரணம். 'கோலங்கள்' மாதிரி ஆயிரத்து ஐந்நூறு எபிசோடைத் தாண்டிய சீரியலை நினைத்துப் பாருங்கள். விளம்பரம் போக எபிசோடுக்கு இருபது நிமிடம் என்றால் 500 மணி நேரம். 50 ஜிபி ப்ளூ-ரே ஒன்றில் நல்ல தரத்தில் எச்டி நாலரை மணி நேரம் போகும். நூற்றுப் பத்து டிஸ்க்குக்கு மேல் வேண்டும், பீரோவே தனியாக வாங்க வேண்டும். அமெரிக்கத் தொடர் ஒரு சீசனுக்கு ஐந்தாறு டிஸ்க், பெட்டி அழகாக அலமாரியில் நிற்கும். பத்து எபிசோடு, இருபது எபிசோடில் முடியும் கதைக்கும், தினமும் சமையலுக்கு நடுவில் பார்க்கும் கதைக்கும் இந்த வித்தியாசம் இயல்பானது. ஒரே சீரியலை இரண்டாம் முறை முழுதாகப் பார்க்க யாருக்கு ஐந்நூறு மணி நேரம் இருக்கிறது?

விலை இன்னொரு விஷயம். 2007இல் மோசர் பேயர் தமிழ்ப் படங்களை விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் கொண்டுவந்தது. பர்மா பஜார் திருட்டு டிஸ்க்கோடு போட்டி போட அந்த விலை தேவைப்பட்டது. ஆனால் டிஸ்க் என்றால் முப்பது ரூபாய் என்று மனதில் பதிந்துபோன ஊரில் ப்ளூ-ரேயை எந்த விலைக்கு விற்பது? அதற்கு மாஸ்டரிங் செலவு தனி, அச்சடிக்கும் ப்ளூ-ரேக்குத் திருட்டுத் தடுப்புப் பூட்டு கட்டாயம் என்பதால் அதன் உரிமக் கட்டணம் தனி. சில நூறு பிரதிக்கு அது கட்டுப்படியாகாது. இப்போது பிளேயர் செய்பவர்களே ஒவ்வொருவராக விலகிக்கொண்டிருக்கிறார்கள், சாம்சங் 2019இல், எல்ஜி 2024இல். சன் நெக்ஸ்ட் மாதிரி ஆப்பில் மாதச் சந்தாவுக்கு எல்லாம் கிடைக்கும்போது டிஸ்க் பேச்சை எந்தக் கூட்டத்திலும் யாரும் எடுப்பதில்லை.

உரிமை விஷயம் நான் அரைகுறையாக அறிந்தது என்று முன்பே சொன்னேன். வெளிநாட்டில் பாட்டு பெரிய தலைவலி என்பது மட்டும் நிச்சயம். 'டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி' ரேடியோ ஸ்டேஷனில் நடக்கும் கதை, காட்சிக்குக் காட்சி பிரபலமான பாட்டு ஓடும். அந்தப் பாட்டுகளுக்கு டிவி ஒளிபரப்புக்கு மட்டும் அனுமதி வாங்கியிருந்தார்கள், வீட்டு டிஸ்க் என்று ஒன்று வரும் என்று 1978இல் யார் கண்டது? டிவிடி வந்தபோது பல பாட்டுகளை எடுத்துவிட்டு வேறு இசையை ஒட்டினார்கள். 'தி வொண்டர் இயர்ஸ்' இதே காரணத்தால் 2014 வரை டிவிடியாகவே காத்திருந்தது. நம் பழைய சீரியல்களிலும் ஹீரோ வரும்போது சினிமாப் பாட்டு இரண்டு வரி போட்டு விடுவது சகஜம். யூடியூபில் பார்க்கும்போது திடீரென்று ஒலி அறுந்து ஊமைப்படமாகிறதே, சில இடங்களில் காரணம் அதுதான். இதற்கு மேல் தயாரிப்பாளர், சேனல், எழுத்தாளர் மூவரில் டிஸ்க் உரிமை யாருடையது என்ற சண்டை இருக்கிறது. எனக்குத் தெரிந்த இரண்டு மூன்று சீரியல்களில் ஒப்பந்தத்தில் அந்த வரியே இல்லை. எல்லாவற்றிலும் அப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஏஐ வைத்துப் பெரிதாக்கலாமே என்று அடுத்த கேள்வி வரும், நானே அந்த வேலையும் செய்வதால் சொல்கிறேன். முகம் பெரிதாக இருக்கும் குளோசப்புக்கு ஓரளவு நன்றாக வரும். ஒரு பழைய சீரியலில் கதாநாயகி பஸ் ஸ்டாப்பில் நிற்கும் ஷாட்டை ஓட்டினேன். முகம் பளபளவென்று வந்தது. தலையில் இருந்த மல்லிகைச் சரம் சேமியா ஆகிவிட்டது. பின்னால் நின்ற பஸ்ஸின் பலகையில் தியாகராய நகர் என்ற எழுத்து, எந்த மொழியிலும் இல்லாத புது எழுத்தாக வந்தது. மெஷின் தனக்குத் தெரியாததைக் கற்பனை செய்து நிரப்புகிறது, அவ்வளவுதான். இதில் இன்னொரு தவறையும் பலர் செய்கிறார்கள். பழைய வீடியோ வினாடிக்கு ஐம்பது அரைப்படமாக (ஒரு வரி விட்டு ஒரு வரி) ஓடும். அவசரத்தில் அதை இருபத்தைந்து முழுப்படமாக ஒட்டினால் அசைவில் பாதி போய்விடும், நடனக்காட்சி விக்கி விக்கி ஓடும். அரைப்படங்களைச் சரியாகப் பிரித்து ஐம்பதாகவே வைத்து, 576 வரியைக் கை வைக்காமல் நல்ல பிட்ரேட்டில் (வினாடிக்கு ஒதுக்கும் டேட்டா அளவு) தந்தாலே யூடியூபில் இருப்பதைவிட எவ்வளவோ மேல். அப்படிச் செய்தால் நான் முன்னே சொன்ன 500 மணி நேரமும் முப்பது டிஸ்க்குக்குள் அடங்கிவிடும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் சில அனிமேஷன் தொடர்களை இப்படி எஸ்டி (பழைய டிவித் தரம்) படமாகவே ப்ளூ-ரேயில் போட்டு விற்கிறார்கள். இங்கே யாராவது செய்வார்களா என்றால், என் ஊகம் இல்லை என்பதுதான்.

நீங்கள் இனி வாங்கும்போது பெட்டியில் ப்ளூ-ரே என்று இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். எடுத்தது ஃபிலிமா, அசல் நெகட்டிவிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்தார்களா என்று வாங்குமுன் விசாரியுங்கள். போட்டுப் பார்க்கும்போது நடிகரின் முகத்தை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள்: நெற்றிமுடி, சட்டைத் துணியின் நெசவு, பின்னால் அலமாரியில் இருக்கும் புத்தக முதுகின் எழுத்து. மெல்லிய துகள் ஆடிக்கொண்டிருந்தால் அது ஃபிலிம் கிரெய்ன், குறையில்லை. எல்லாம் மெழுகு மாதிரி வழவழவென்று இருந்தால் பெரிதாக்கியது அல்லது துடைத்துத் துடைத்துக் கெடுத்தது.

கடைசியாக, அப்பா 1990களில் டிவியிலிருந்து விஎச்எஸ்ஸில் பதிந்த கேசட்டுகள் பரணில் இருப்பதாகவும், அவற்றைத் தூக்கிப் போடலாமா என்றும் போகிறபோக்கில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். 'டாக்டர் ஹூ' காணாமல் போன எபிசோடுகள் அனைத்துக்கும் ஒலியாவது இன்று இருக்கிறது என்றால், ரசிகர்கள் வீட்டில் டிவிக்கு முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்ததால்தான். அப்படிக் காணாமல் போனவற்றில் ஒன்பது எபிசோடு நைஜீரியாவில் ஒரு டிவி நிலையத்தின் அறையில் கிடைத்ததாக 2013இல் அறிவித்தார்கள். அரிசிச் சாக்குத் தயாரிப்பாளர் இழந்த பதினொன்று எபிசோடில் இரண்டு, மாம்பலத்தில் ஒரு ரசிகை வீட்டு விஎச்எஸ்ஸிலிருந்து கிடைத்தது, நடுநடுவே சோப்பு விளம்பரத்தோடு. கேசட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி, படுக்க வைக்காமல் நிற்க வைத்து, குளியலறைச் சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். ஆசையில் உடனே பழைய பிளேயரில் போட்டுவிடாதீர்கள். முதலில் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் தனியே ஒரு பையில் போட்டு வைத்துவிட்டுத் துடைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், ஒரு பூஞ்சைக் கேசட் உங்கள் பிளேயரையும் அதற்கப்புறம் போடும் கேசட்டையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.